ரத்தம் முதலில், ஊசி பிறகு: பி12 பரிசோதனைக்குப் போகுமுன்

மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டங்களிலிருந்தும் கீழே கம்பம், போடியிலிருந்தும் கை கால் மரத்துப்போகிறது என்று வருகிறவர்களில் பலர் பி12 உள்ள ஒரு சத்து ஊசி போட்டுக்கொண்டுதான் லேப்புக்கே வருகிறார்கள். நரம்புக்கும் ரத்தத்துக்கும் தேவையான வைட்டமின் பி12-க்கான பரிசோதனை அந்த இடத்திலேயே கெட்டுவிடுகிறது. ஊசிக்குப் பின் ரத்தத்தில் அளவு எகிறி, வாரக்கணக்கில் இறங்காது. முன்பு குறைபாடு இருந்ததா என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. ரத்தம் கொடுத்துவிட்டு அன்றைக்கே ஊசி போட்டாலும் பரவாயில்லை.

முடி கொட்டாமலிருக்கச் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமினை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. 5, 10 மில்லிகிராம் மாத்திரைகள் சில இயந்திரங்களில் பி12, வைட்டமின் டி இரண்டையும் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மருத்துவரிடம் கேட்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சுகருக்கான மெட்ஃபார்மினும், நெடுநாள் எடுக்கும் கேஸ் மாத்திரையும் அப்படியல்ல. அவை உடம்பிலுள்ள பி12-ஐயே குறைக்கக்கூடியவை. அவற்றை நிறுத்தாதீர்கள், லேப் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மலைமேல் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் ஜீப்பில் கீழே அனுப்புவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. மஞ்சள் மூடிக் குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, அரை மணி நேரம் நேராக நிறுத்தி உறையவிட்டு, சென்ட்ரிபியூஜ் என்ற சுழற்றும் இயந்திரத்தில் சுற்றி, மேலே நிற்கும் தெளிந்த சீரத்தைப் பிரித்த பிறகே அனுப்ப வேண்டும். வளைவுகளில் குலுங்கிச் சிவப்பணு உடைந்தால், அதற்குள் இருக்கும் ஃபோலேட் என்ற பி வைட்டமின் வெளியே வந்து, ஃபோலேட் குறைபாடுள்ளவருக்கும் 'நார்மல்' என்று வரும். பி12, ஃபோலேட் குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன் இன்னும் மோசம்: அணு உடையாமலே, பிரிக்கத் தாமதமாக ஆக ஏறிக்கொண்டே போகும். அந்தப் பரிசோதனைக்கான ரத்தத்தை ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். ரத்தம் எடுக்கும் இடத்திலேயே சென்ட்ரிபியூஜ் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. அங்கே, பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலத்தைப் பார்ப்பது உதவும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ரத்தசோகை இல்லாமலே நரம்பு பாதிக்கப்படலாம். இரும்புச்சத்தும் குறைந்த பெண்களுக்குச் சிவப்பணுவின் அளவைக் காட்டும் எம்.சி.வி. ஏமாற்றும்: பி12 குறைவு அதைப் பெரிதாக்கும், இரும்புக் குறைவு சிறிதாக்கும், இரண்டும் சேர்ந்தால் நடுவில் நிற்கும். பி12 குறைந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலம் (ஃபோலேட் மாத்திரை) மட்டும் கொடுத்தால் ரத்தசோகை தேறியதுபோல் தெரியும். நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

வைட்டமின் டி-க்கு 25-ஹைட்ராக்சி பரிசோதனைதான் சரி. வெறும் வயிறு தேவையில்லை. ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள்: ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமும் ஒரு லிட்டருக்கு 50 நானோமோலும் ஒன்றேதான். மறுபடி பார்க்கும்போது அதே லேப்பில் பாருங்கள். இயந்திரம் மாறினால் எண்ணும் மாறும்.