34 செனட்டர்கள் போதும்: அமெரிக்க அதிபரின் வீட்டோ வேலை செய்யும் விதம்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், செனட்டில் 100 பேர். இரண்டு அவைகளும் ஒரு மசோதாவை ஒரு சொல்கூட மாறாமல் ஒரே வடிவில் நிறைவேற்றினால்தான் அது அதிபரிடம் போகும். போய்ச் சேர்ந்த மறுநாள் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு, அவருக்கு 10 நாள் அவகாசம்.

கையெழுத்திட்டால் சட்டம். பிடிக்காவிட்டால் காரணங்களை எழுதி, மசோதா எந்த அவையில் பிறந்ததோ அந்த அவைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இதுதான் வீட்டோ. இரண்டும் செய்யாமல் சும்மா வைத்திருந்தால், கெடு முடிந்ததும் மசோதா தானாகவே சட்டமாகிவிடும். ஆனால் அந்த 10 நாளுக்குள் காங்கிரஸ் கூட்டத்தொடரை முடித்துக் கலைந்து போயிருந்து, திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால், அதே சும்மா இருத்தல் மசோதாவைக் கொன்றுவிடும். ‘பாக்கெட் வீட்டோ’ என்று இதற்குப் பெயர். இதை எதிர்த்து மறுவாக்கெடுப்பு கிடையாது. அடுத்த கூட்டத்தொடரில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் ஆண்டுக் கடைசியில் அவசரமாக நிறைவேறும் மசோதாக்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

வழக்கமான வீட்டோவை முறியடிக்க, ஒவ்வோர் அவையிலும் வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டும். எல்லோரும் வந்திருந்தால் சபையில் 290, செனட்டில் 67. யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயர் பெயராகப் பதிவாகும். மசோதா பிறந்த அவையிலேயே தோற்றுவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. மற்ற அவைக்கு அது போவதே இல்லை. இதையே அதிபரின் பக்கமிருந்து பாருங்கள். 535 பேரில் 34 செனட்டர்களைத் தன்பக்கம் வைத்திருந்தால் அவருக்குப் போதும்.

ஜார்ஜ் வாஷிங்டன் 1792இல் முதல் வீட்டோவைப் போட்டார். காங்கிரஸ் முதன்முறையாக ஒன்றை முறியடித்தது 1845இல்தான். பைடன் பதவிக்காலம் முடியும்வரை 2,500க்கும் மேற்பட்ட வீட்டோக்கள். அவற்றில் முறியடிக்கப்பட்டவை 112. முறியடிக்கவே முடியாத பாக்கெட் வீட்டோக்களைக் கழித்துவிட்டால் இது சுமார் 7 சதவீதம். அதிகம் வீட்டோ போட்ட பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 635இல் தோற்றவை 9. ஒபாமாவின் 12இல் ஒன்றே ஒன்று: செப்டம்பர் 11 தாக்குதலில் பலியானோரின் குடும்பங்கள் சவூதி அரேபியா மீது வழக்குப் போட வழிசெய்த சட்டம். 2016இல் செனட் அதை 97–1 என்ற கணக்கில் மீட்டது.

இந்த எண்ணிக்கைகளில் தெரியாத வீட்டோதான் உண்மையில் பெரியது. முக்கியமான மசோதா அவைக்கு வரும் முன்பே வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் ஓர் அறிக்கை விடும். “அதிபர் வீட்டோ செய்வார்” என்று எழுதியிருந்தால் உறுதியான மிரட்டல். “மூத்த ஆலோசகர்கள் வீட்டோ செய்யப் பரிந்துரைப்பார்கள்” என்றால் பேரத்துக்கு இடம் இருக்கிறது. மசோதாவின் பல திருத்தங்கள் இந்தக் கட்டத்திலேயே நடந்து முடிந்துவிடும்.

அதிபரால் முடியாதது ஒன்று உண்டு. மசோதாவில் பிடிக்காத பகுதியை மட்டும் அடித்துவிட்டு மீதியில் கையெழுத்திட முடியாது. நூற்றுக்கணக்கான பக்கமுள்ள செலவு மசோதாவில் ஓர் உறுப்பினர் தன் ஊருக்கு வேண்டியதை நுழைத்துவிடுவது இந்தத் தைரியத்தில்தான். 1996இல் காங்கிரஸே அந்த அதிகாரத்தை அதிபருக்குத் தந்தது. கிளின்டன் அடுத்த ஆண்டு அதை 82 முறை பயன்படுத்தினார். 1998இல் உச்ச நீதிமன்றம் 6–3 என்று அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. நிறைவேறிய சட்டத்தின் பகுதியைத் தனி ஒருவர் நீக்குவது, இரண்டு அவைகள் இல்லாமல் சட்டத்தைத் திருத்துவதற்குச் சமம் என்பது அதன் வாதம்.

அதே கத்தி காங்கிரஸையும் வெட்டியது, அதுவும் 15 ஆண்டுகள் முன்னதாக. நிர்வாகத்துக்கு அதிகாரத்தை வழங்கும்போது, “நீங்கள் செய்தது பிடிக்காவிட்டால் தீர்மானம் போட்டு ரத்து செய்வோம், அதிபரின் கையெழுத்து வேண்டாம்” என்று சட்டத்திலேயே எழுதிவைப்பது காங்கிரஸின் வழக்கமாக இருந்தது. ஏறக்குறைய 200 சட்டங்களில் இப்படி ஒரு விதி. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் சட்டாவின் விசா 1972இல் முடிந்தது. குடியேற்ற நீதிபதி 1974இல் அவரைத் தங்க அனுமதித்தார். 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை மட்டும் ஒரு தீர்மானத்தால் அதை மாற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1983இல் 7–2 என்று சட்டா வென்றார். சட்ட விளைவு உள்ள எந்த முடிவும் இரண்டு அவைகளைத் தாண்டி அதிபரிடம் போயே ஆகவேண்டும் என்றது தீர்ப்பு.

கேட்க ஒழுங்கான தீர்ப்புதான். ஆனால் கணக்கு தலைகீழானது. 1976ஆம் ஆண்டு தேசிய அவசரநிலைச் சட்டப்படி, அதிபர் அறிவித்த அவசரநிலையை இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் முடித்துவைக்க முடியும் என்று இருந்தது. தீர்ப்புக்குப் பின், 1985இல், அந்தத் தீர்மானத்துக்கும் அதிபரின் கையெழுத்து தேவை என்று திருத்த வேண்டியதாயிற்று. தன் அவசரநிலையைத் தானே முடிக்க எந்த அதிபர் கையெழுத்திடுவார்? பாதிக்கு மேல் போதும் என்றிருந்த இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்து உட்கார்ந்தது.

அதன் விலை 2019இல் தெரிந்தது. மெக்ஸிகோ எல்லைச் சுவருக்கு டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார். 35 நாள் அரசு அலுவலகங்கள் முடங்கிய பிறகு காங்கிரஸ் தந்தது 137.5 கோடி. பிப்ரவரி 15 அன்று அவர் அவசரநிலை அறிவித்து, ராணுவக் கட்டுமான நிதியிலிருந்து 360 கோடியை எடுக்க வழிசெய்தார். அவசரநிலையை முடிக்கும் தீர்மானம் சபையில் 245–182 என்றும், அவரது கட்சியே பெரும்பான்மையாக இருந்த செனட்டில் 59–41 என்றும் நிறைவேறியது. மறுநாளே வீட்டோ. சபையில் மறுவாக்கெடுப்பு 248–181, தேவைப்பட்டது 286. சட்டம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் முயல இடம் தருவதால் இலையுதிர் காலத்தில் இன்னொரு தீர்மானம், இன்னொரு வீட்டோ. செனட்டில் 53–36, ஏழு வாக்கு குறைவு. கடைசியில் அந்த அவசரநிலையை முடித்தது காங்கிரஸ் அல்ல, 2021 ஜனவரி 20 அன்று பதவியேற்ற பைடனின் அறிவிப்பு.

2023இல் கோவிட் அவசரநிலையை முடிக்கும் தீர்மானம் மட்டும் சிக்கலின்றிச் சட்டமானது. அதை எதிர்ப்பதாகச் சொல்லியிருந்த பைடன் ஏப்ரல் 10 அன்று கையெழுத்திட்டுவிட்டார்.