எம்.ஜி.ஆர். காலடியில் ஒரு பின்கோடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மும்பை தாராவி 90 அடி சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், சயானில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு பி.வி.சி. குழாய். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பையால் அடைத்துச் சணல் கட்டியிருந்தது. உள்ளே ‘எங்க வீட்டுப் பிள்ளை’ போஸ்டர். பழைய பொருள் விற்கும் சோர் பஜாரில் 35,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். வாங்கத் தூண்டியது அக்கா மகன் போனில் காட்டிய ஒரு செய்தி: 1931-இல் வந்த ‘டிராகுலா’ படத்தின் போஸ்டர் ஒன்று, 2017-இல் அமெரிக்காவில் 5,25,800 டாலருக்கு ஏலம் போயிருக்கிறது.

“தம்பி, டிராகுலாவுக்கே அவ்ளோன்னா வாத்தியாருக்கு எவ்ளோ போவும்?”

நான் பேப்பர் கன்சர்வேட்டர். பழைய காகிதத்தைச் சாகாமல் பார்த்துக்கொள்வது வேலை. ஒரு காலத்தில் வரைபடமும் கடிதமும்தான் அதிகம் வரும். இப்போது மேசையில் பாதி நாள் சினிமா போஸ்டர்தான் கிடக்கிறது. கிழிசலை ஒட்டத்தான் கொண்டுவருகிறார்கள், ஆனால் கேட்பதெல்லாம் விலை. விலை சொல்வது என் தொழில் இல்லை. ஆனால் காகிதம் எப்போது பிறந்தது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். அதைச் சொல்லும்போதே விலையில் பாதிக்குப் பதில் வந்துவிடும்.

போஸ்டரை விரித்து நான்கு மூலையிலும் சின்ன மணல் பையை வைத்தேன். இரட்டை எம்.ஜி.ஆர்., ஒருவர் கையில் சவுக்கு. எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது கீழ் ஓரத்தை. அங்கே எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி: அச்சகத்தின் பெயர், சிவகாசி, 626 123.

நம் நாட்டில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. படம் வெளியானது 1965 பொங்கலுக்கு. ஏழு வருடம் கழித்துப் பிறக்கப்போகும் எண் முதல் ரிலீஸ் போஸ்டரில் எப்படி ஏறும்?

அடுத்து, தலைப்பில் இருந்த ‘ளை’. இப்போது நாம் எழுதுகிற மாதிரி, முன்னால் கொம்பு தனியாக நின்றது. 1965-இல் தலைப்பு எழுதிய ஓவியர் பெரும்பாலும் யானைத் துதிக்கைபோல மேலே சுருட்டிய பழைய ‘ளை’யைத்தான் போட்டிருப்பார். எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978-இல். அதையும் பிறப்பித்தது எம்.ஜி.ஆர். அரசுதான் என்றதும் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. எழுத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. பெரியார் 1935-இலேயே ‘குடி அரசு’ இதழில் புது எழுத்தைப் புழங்கத் தொடங்கிவிட்டார், அதைப் பின்பற்றியவர்களும் இருந்தார்கள். ஆனால் பின்கோடும் புது ‘ளை’யும் ஒரே தாளில் சேர்ந்து நின்றால் சந்தேகம் தீர்ந்தது.

“அப்ப இது டூப்பா?”

இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அந்தக் காலத்தில் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் சில வருடத்துக்கொருமுறை திரும்பத் திரும்ப ஓடின. பழைய போஸ்டர் தீர்ந்திருக்கும், புதிதாக அடிப்பார்கள். அதுவும் உண்மையான தியேட்டர் போஸ்டர்தான். மறு ரிலீஸ் போஸ்டர். சேகரிப்பவர்களிடம் அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் முதல் ரிலீஸின் விலையில் சிறு பங்குதான். விற்றவர் போலியை விற்கவில்லை. வருடத்தை மாற்றிச் சொன்னார், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ அண்ணாச்சிக்கு முப்பதாயிரம் பக்கம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

“நான் இதை கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டர்ல பாத்தேன் தம்பி, சின்னப் பையனா இருக்கையில. இந்த போஸ்டர்தான் ஒட்டியிருந்தாங்க” என்றார். இருக்கலாம். அவர் பார்த்ததும் மறு ரிலீஸாக இருந்திருக்கலாம்.

நிஜப் போலி வேறு சாதி. பழைய போஸ்டரை ஸ்கேன் செய்து புதுத் தாளில் அடித்து, டீத்தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைத்து விற்பது. சோர் பஜாரில் மட்டுமில்லை, இணையத்திலும் இதுதான் அதிகம். கண்டுபிடிக்க லேப் வேண்டாம். நகைக் கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் போதும். படத்தைப் பார்க்காதீர்கள், கறுப்பு எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். அசலில் கறுப்பு என்றால் ஒரே மையாக, ஓரம் வெட்டியதுபோல் இருக்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் அந்தக் கறுப்புக்குள்ளேயே நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளி கலந்து நிற்கும், ஓரம் மங்கியிருக்கும். ஆஃப்செட்டில் அடித்த அசலின் வண்ணப் பகுதியில் புள்ளிகள் சின்னச் சின்னப் பூவாக வட்டம் கட்டியிருக்கும். இன்க்ஜெட் என்றால் வரிசையில்லாமல் மைத்தூள் தெளித்த மாதிரி. அதற்கும் முந்தைய லித்தோ (கல்லச்சு) போஸ்டர்களில் பூவும் இருக்காது. கிரேயானால் தேய்த்ததுபோல் சொரசொரப்பான மணல்தான் தெரியும்.

மடிப்பைத் தடவிப் பார்ப்பது இன்னும் எளிது. அந்தக் காலத்துப் போஸ்டர்கள் பெரும்பாலும் மடித்துத்தான் தியேட்டருக்குப் போயின. மடிப்பும் மடிப்பும் குறுக்கிடும் இடத்தில் மை உதிர்ந்து வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். ஒருமுறை ஒரு இளைஞர் கொண்டுவந்த போஸ்டரில் அந்த வெள்ளைக் கோடு அழகாக இருந்தது. விரலை வைத்துத் தேய்த்தேன், தாள் வழுவழு. மடிப்பையும் சேர்த்தே அச்சடித்திருந்தார்கள்! பழுப்பிலும் இதே கதைதான். தானாகப் பழுத்த தாளில் காற்று படும் ஓரமும் மடிப்பும் கருத்து, உள்ளே வரவர நிறம் குறையும். டீயில் குளித்தது எங்கும் ஒரே சீராக, கீழ் மூலையில் மட்டும் திட்டாக இருக்கும். முகர்ந்து பார்க்கவும் வெட்கப்படாதீர்கள்.

புறஊதா டார்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் அந்த ஒளியில் நீலமாகப் பளிச்சிடும். 1950-களில்தான் அது காகிதத்தில் பரவலாக வந்தது. 1943 படத்துப் போஸ்டர் இருட்டில் நீலமாக மின்னினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். 1965 படத்துக்கு இந்தச் சோதனை உதவாது, அதனால்தான் அண்ணாச்சி போஸ்டருக்கு நான் டார்ச்சையே எடுக்கவில்லை.

சரி, ஏல விலைக்கு வருகிறேன். அண்ணாச்சியின் அக்கா மகன் மாதிரி தினமும் ஏலத் தளங்களைப் பார்க்கிற பையன்கள் இப்போது மும்பையில் நிறைய. பார்க்கட்டும், நானும் பார்க்கிறேன். ஆனால் தலைப்புச் செய்தியில் வரும் விலை எதன் விலை என்று யோசிக்க வேண்டும். ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ என்று 1927-இல் ஒரு ஊமைப் படம். அதன் போஸ்டர் 2014-இல் 4,78,000 டாலருக்குப் போனது. படத்தின் கடைசிப் பிரதி 1960-களில் ஸ்டூடியோ கிடங்குத் தீயில் எரிந்துபோனது; அந்த வடிவத்தில் கைக்குக் கிடைத்த போஸ்டர் அது ஒன்றுதான். நம் ஊரில் அந்த இடத்தில் வைக்கவேண்டியது ‘ஆலம் ஆரா’. 1931 மார்ச் 14, கிர்காவ் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியான இந்தியாவின் முதல் பேசும் படம். இன்று ஒரு பிரதிகூட இல்லை, மிஞ்சியது காகிதம்தான். அதே வருடம் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ இதே பம்பாயில், அதே அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி எடுத்தது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அந்தப் பாட்டுப் புத்தகம் கிடந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், கூலி வாங்காமல் பார்த்துத் தருகிறேன்.

விலை ஏறிக்கொண்டே போகும் என்பதும் கிடையாது. 1932-இல் வந்த ‘தி மம்மி’ போஸ்டர் 1997-இல் 4,53,500 டாலருக்குப் போய் அப்போதைய சாதனையானது. அதே படத்தின் ஒரு போஸ்டர் 2018-இல் பத்து முதல் பதினைந்து லட்சம் டாலர் மதிப்பீட்டோடு ஏலத்துக்கு வந்தது. உலகம் முழுக்கச் செய்தி. கடைசியில் யாரும் கேட்கவில்லை, விற்காமல் நின்றது. அந்தச் செய்தி எத்தனை பேர் போனுக்கு வந்தது? மதிப்பீட்டைச் சத்தமாகச் சொல்வார்கள், விற்காததை மெல்லச் சொல்வார்கள்.

இன்னொன்று, சுத்தியல் விழுந்த விலை வாங்குபவர் கொடுக்கும் விலையும் இல்லை, விற்பவர் கைக்கு வரும் விலையும் இல்லை. ஒரு லட்சத்துக்குச் சுத்தியல் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். பல ஏல நிறுவனங்களில் வாங்குபவரிடம் அந்த விலைக்கு மேல் 20 முதல் 25 விழுக்காடு பிரீமியம், அதாவது ஏலக் கட்டணம், உண்டு. இருபது என்றால் 20,000. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., 3,600. பொருளுக்கான வரியும் அனுப்பும் செலவும் தனி. மறுபக்கம், விற்பவருக்கு வரும் ஒரு லட்சத்தில் கமிஷன், போட்டோ, இன்சூரன்ஸ் என்று பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இன்று வாங்கி நாளையே அதே விலைக்கு விற்றால்கூட முப்பது விழுக்காட்டுக்கு மேல் காற்றில் போய்விடும். எந்தத் தளத்தில் விலை பார்த்தாலும் அது பிரீமியம் சேர்ந்ததா சேராததா என்று முதலில் பாருங்கள். இரண்டையும் கலந்து நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு சந்தை ஏறிவிட்டது என்று நம்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

அந்த விலை எந்த நிலையில் இருந்த தாளுக்கு என்பதும் முக்கியம். போன வருடம் மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வந்தார். 1943-இல் வந்த ‘கிஸ்மத்’ போஸ்டர், அவர் மாமனார் வேலை பார்த்த விநியோகஸ்தர் ஆபீஸிலிருந்து வந்தது. பீரோவின் அடித்தட்டில் விரித்துப்போட்டு, அதன்மேல் பட்டுப்புடவை அடுக்கியிருந்தார்களாம். எண்பது வருடம் அப்படியே தூங்கியிருக்கிறது. லித்தோ, அருமையான நீலம், இரண்டே மடிப்பு. நெட்டில் விலை பார்த்த பிறகு, “பத்திரமா இருக்கட்டுமேன்னு” ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார்.

லேமினேஷன் என்றால் சூட்டில் உருகும் பசை காகித நாருக்குள் இறங்கிவிடும். பிரிக்கக் கரைப்பான் ஊற்றினால் மையும் சேர்ந்து வரும். ஒரு மூலையில் ஒரு அங்குலம் மட்டும் பிரித்துப் பார்த்தேன். நீலம் ஃபிலிமோடு போயிற்று. நிறுத்திவிட்டேன். மாமி முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அப்படியே பீரோலயே இருந்திருக்கலாம் இல்லையா?” என்றார். ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

செலோடேப்பும் அந்த ரகம்தான். சில வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் கசியும், டேப் உதிர்ந்தாலும் கறை நிற்கும். நாங்கள் ஒட்டுவது ஜப்பானிய மெல்லிய தாளும், பசையம் நீக்கிய கோதுமை மாவுப் பசையும். வீட்டு மைதாப் பசை வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. எப்போது வேண்டுமானாலும் ஈரப்படுத்தித் திரும்ப எடுக்க முடிகிற ஒட்டுதான் நல்ல ஒட்டு. போஸ்டருக்குப் பின்னால் துணி ஒட்டி வந்தால் அதைக் குறை என்று நினைக்காதீர்கள், ஆனால் அதற்கடியில் எவ்வளவு கிழிசலை மறைத்து வண்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தீட்டிய இடம் பெரும்பாலும் வேறு பளபளப்போடு நிற்கும்.

மும்பை மழைக்காலத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஜூலையில் இங்கே காற்றே ஈரத்துணி. வெளிச்சுவரில் மாட்டிய ஃபிரேமின் பின்னால் செப்டம்பரில் பூஞ்சை கேரண்டி. உள்சுவரில் மாட்டுங்கள், கண்ணாடி தாளைத் தொடாமல் நடுவில் மவுண்ட் வையுங்கள், இல்லாவிட்டால் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மாட்டாததை அமிலமில்லாத தாளுக்கு நடுவே படுக்கவைத்து வையுங்கள். பி.வி.சி. குழாய் வேண்டாம்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டியதை வெளியே கொண்டுபோக முடியாது. மதிப்புள்ள ஆவணங்களுக்கு 75 வயது என்ற கணக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. நாற்பதுகளின் போஸ்டரைச் சூட்கேசில் சுருட்டும் முன் தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அண்ணாச்சி அன்றைக்கே சோர் பஜாருக்குத் திரும்பப் போயிருக்கிறார். கடைக்காரர் பணத்தைத் தரவில்லை. பதிலுக்கு இரண்டு சிவாஜி பட லாபி கார்டுகளை (தியேட்டர் முகப்பில் மாட்டும் சின்னப் பட அட்டை) கொடுத்து அனுப்பியிருக்கிறார். மோசமில்லை. போன வாரம் போன் வந்தது.

“தம்பி, இன்னொன்னு வெலைக்கு வருது. கீழ் ஓரத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன். பின்கோடு இல்ல.”

“முதுகையும் எடுத்து அனுப்புங்க அண்ணாச்சி. பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு.”