சாக்கெட்: துளையா, பொருத்துவாயா?

"பாதுகாப்பான துளை திறக்கப்பட்டது."

ஒரு கட்டற்ற மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில் போன வாரம் பார்த்த வரி இது. இந்தத் துளை என் கண்ணில் படுவது எத்தனையாவது முறையோ, எண்ணவில்லை. இணையத்தில் போகும் தகவலை மறையாக்கிக் காக்கும் எஸ்.எஸ்.எல். (செக்யூர் சாக்கெட்ஸ் லேயர்) என்ற பெயரின் நடுவில் நிற்கும் சாக்கெட்டைத்தான், அதாவது ஒரு நிரல் வலையமைப்பில் தகவலைப் பெறவும் அனுப்பவும் திறக்கும் இணைப்பு முனையைத்தான், இப்படித் துளைத்திருக்கிறார்கள்.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. பழைய பிரெஞ்சில் 'சாக்' என்றால் கலப்பைக் கொழு. கொழுவைப் போலிருந்த ஈட்டிமுனை 'சாக்கெட்' ஆயிற்று. அப்புறம் அந்த முனையில் காம்பு செருகும் பகுதிக்குப் பெயராகி, எதையாவது ஏற்றுப் பிடிக்கும் இடத்துக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. இன்று நிரலில் நாம் எழுதும் சாக்கெட் 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி என்ற இயங்குதளத்தோடு வந்தது.

ஆக, ஏற்றுப் பிடிப்பதுதான் பொருள், காலியிடம் அல்ல. மெதுவடையில் இருப்பது துளை. அதில் யாரும் எதையும் பொருத்துவதில்லை. பிவிசி குழாய்க் கடையில் சாக்கெட் கேட்டால் எடுத்துத் தருவார்கள். துளை கேட்டால் ட்ரில் மெஷினைக் காட்டுவார்கள்.

அதிலும் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் துளை என்றால் என்ன பொருள்? 2014இல் எஸ்.எஸ்.எல். வேலையைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல் நூலகத்தில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற பிழை, அதுதான் துளை. ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை நினைவகத்தில் இருந்ததைக் கசியவிட்டது. அதைத் தமிழில் 'பாதுகாப்பான துளை நூலகத்தில் துளை' என்றா எழுதுவது?

நிரல் பக்கம் போனால் இன்னும் மோசம். பைத்தான் நிரல்மொழியின் எஸ்எஸ்எல் தொகுதி சாதாரண சாக்கெட் ஒன்றை வாங்கி, மறையாக்க உறை போட்டுத் திருப்பித் தருகிறது. பழைய 'ராப்_சாக்கெட்' செயற்கூறு, சான்றிதழில் இருப்பது நாம் தேடிப்போன சேவையகத்தின் பெயர்தானா என்று பார்க்காது. அதனால் பைத்தான் 3.7இல் அதைக் கைவிடச் சொன்னார்கள், 3.12இல் எடுத்தேவிட்டார்கள். இப்போது முதலில் இணைப்புக்கான அமைப்புகளைத் தாங்கும் ஒரு சூழலை (காண்டெக்ஸ்ட்) உருவாக்கி, சேவையகத்தின் பெயரையும் கொடுத்து, அதன் வழியாகத்தான் உறையிட வேண்டும். இந்த உறையிடலை ஒருவர் 'துளையைச் சுற்றுதல்' என்று மொழிபெயர்த்திருந்தார். துளையை எப்படி ஐயா சுற்றுவது? கோயில் பிரகாரம் மாதிரி மூன்று முறையா? ('துளையை மூடு' மட்டும் தற்செயலாக நன்றாக அமைந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.)

நான் எழுதுவது பொருத்துவாய். கால்வாய், கணவாய் என்று வழிக்கும் வாயிலுக்கும் 'வாய்' நம்மிடம் பழகிய சொல். வாய் வாங்கவும் செய்யும், பேசவும் செய்யும். சாக்கெட்டின் வேலையும் பெறுவதும் அனுப்புவதும்தான். துறையோடும் (போர்ட், அதாவது சேவையகத்தில் ஒரு சேவையை அடையாளம் காட்டும் எண்) குழம்பாது: 443 என்ற ஒரே துறையில் ஆயிரம் பொருத்துவாய்கள் திறந்திருக்கலாம். சாக்கெட் என்றே எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை. தப்பான தமிழை விட ஊருக்குத் தெரிந்த ஆங்கிலம் மேல்.

பள்ளிப் பாடநூல் எழுதியவர்கள்கூட இடுப்பு மூட்டை 'பந்துக் கிண்ண மூட்டு' என்றுதான் சொன்னார்கள், 'பந்துத் துளை' என்று அல்ல. அவர்கள் எலும்பைப் பார்த்துவிட்டு எழுதினார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியைப் பார்க்கிறார்கள், பெட்டியை நிரப்புகிறார்கள், மொழிபெயர்க்க வேண்டிய அடுத்த தொடருக்குப் போய்விடுகிறார்கள்.

திருத்தம் அனுப்பினேன். 'வாய் என்பது இடைமுகத்துக்குப் பொருத்தமாக இல்லை' என்று பதில் வந்தது. துளை பொருத்தமாம்.