பச்சையாகவே சாப்பிட்டால் குளிர்காலத்தில் ஏன் இப்படி நடுங்குகிறது?

ஜெர்மனியில் அடுப்பே பற்றவைக்காமல் பழம், காய், கொட்டை, முளைகட்டிய பயறு என்றே வாழ்பவர்கள் உண்டு. கோடையில் தெரியாது. டிசம்பர் வந்ததும் கை கால் சில்லிட்டுப்போய், சூடாக எதுவும் உள்ளே போகாததால்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டால் அது சரிப்பட்டு வரவில்லை.

60 டிகிரி சூட்டில் 200 மில்லி டீ குடித்தால், அது 37 டிகிரிக்கு ஆறும்வரை உடம்புக்குக் கிடைப்பது 5 கிலோகலோரிகூட இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு மணிக்கு 70, 80 கிலோகலோரி வெப்பத்தை உண்டாக்குகிறது. அதாவது அந்த டீ நாலு நிமிஷத்துக்குத்தான் தாங்கும்! மிளகாயும் சாராயமும் இன்னும் மோசம், ரத்தத்தைத் தோலுக்கு வரவழைத்துக் கதகதப்பாக உணரவைத்துவிட்டு அந்த வெப்பத்தை வெளியே விட்டுவிடும்.

உண்மையான சிக்கல் எரிபொருளில் இருக்கிறது. மாவுச்சத்து தண்ணீரோடு வேகும்போது அதன் மணிகள் உப்பி உடைந்து நொதிகளுக்கு இடம் கொடுக்கின்றன. பச்சை உருளைக்கிழங்கில் அவை இறுகிக் கிடப்பதால் பெரும்பகுதி செரிக்காமலே பெருங்குடலுக்குப் போய்விடும். முட்டையும் அப்படித்தான்: பெல்ஜியத்தில் 1998இல் அளந்து பார்த்தபோது வெந்த முட்டையின் புரதத்தில் 91 சதவீதமும், பச்சை முட்டையில் 51 சதவீதமும்தான் செரித்தது. போதாததற்குக் காய்களில் பெரும்பாலும் தண்ணீர். கேரட்டை மட்டும் தின்று 2000 கிலோகலோரி சேர்க்க 5 கிலோ வேண்டும், யாரால் முடியும்?

ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சை உணவுக்காரர்கள் 500 பேருக்கு மேல் ஆராய்ந்து 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பலர் நன்றாக இளைத்திருந்தார்கள், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுவதுமாகவோ நின்றிருந்தது. வரவு குறைந்தால் உடம்பு செலவைக் குறைக்கும்: தைராய்டின் டி3 ஹார்மோன் இறங்கும், வெப்ப உற்பத்தி மந்தமாகும், தோலுக்கடியில் இருந்த கொழுப்பும் கரைந்துபோயிருக்கும். அப்புறம் விரல் சில்லிடாமல் என்ன செய்யும்?

ஆனால் ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் கடுங்குளிரிலும் திமிங்கலத் தோலைக் கொழுப்போடு பச்சையாகத் தின்கிறார்கள், அவர்களுக்கு அது ஒத்துப்போகிறது. காரணம் கொழுப்பு, கிராமுக்கு 9 கிலோகலோரி. (அந்தத் தோலில் வைட்டமின் சி வேறு இருக்கிறது.) சைவமாக இருப்பவர்களுக்கு அந்த இடத்தில் பாதாம், வால்நட், அவகாடோ, தேங்காய், எள் விழுது. 100 கிராம் பாதாமில் 580 கிலோகலோரி இருக்கும், வெள்ளரியில் வெறும் 15.

பச்சை உணவுக்காரர்கள் பலரும் 42 டிகிரி வரை சூட்டை ஒத்துக்கொள்வார்கள், அதனால் சூப்பை வெதுவெதுப்பாகவே குடிக்கலாம், மனசுக்காவது இதம். வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம், ஜெர்மனியில் அக்டோபர் முதல் மார்ச் வரை வெயிலில் வைட்டமின் டி உருவாகாது என்பதால் அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முளைகட்டுவதாக இருந்தால் பாசிப்பயறு போதும், ராஜ்மாவை மட்டும் முளைவிட்டாலும் பச்சையாகத் தின்னாதீர்கள், அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அடங்கும், இல்லையென்றால் சில மணி நேரத்திலேயே வாந்தி.