‘ஒத்திசைவற்ற’ ஆட்டமா, முன்பின் ஆட்டமா?

‘ஒத்திசைவற்ற பலவீரர் கதைசார் சாகசக் காணொளி விளையாட்டு.’ ஒரு கேமைத் தமிழில் அறிமுகப்படுத்த இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆறு சொற்களில் ‘விளையாட்டு’ ஒன்றுதான் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. மற்ற ஐந்தும் வாசிக்கிறவரை வேறு எங்கோ கூட்டிப் போகின்றன. பாளையங்கோட்டையில் போனில் கேம் ஆடும் ஒரு பையனிடம் இதையே கேட்டால், “ஏல, முந்தி ஆடுனவன் விட்டுட்டுப் போனத வச்சு நீ ஆடுத. நீ விட்டுட்டுப் போறத வச்சு அடுத்தவன் ஆடுதான்” என்று இரண்டே வரியில் சொல்லிவிடுவான். அதில் புரியாதது எதுவும் இல்லை. அந்த ‘முந்தி’யும் ‘அடுத்து’ம் மொழிபெயர்ப்பில் எங்கே தொலைந்தன என்பதுதான் கேள்வி.

மூலச்சொல் அசிங்க்ரனஸ் மல்டிபிளேயர். ‘அ’ என்றால் இல்லாமை, ‘சின்’ என்றால் கூட, ‘க்ரோனோஸ்’ என்றால் காலம், மூன்றும் கிரேக்கம். ஒரே காலத்தில் கூடி நடக்காதது என்று பொருள். தந்தி, தட்டச்சுத் தந்தி வழியாக இது கணினிக்கு வந்தது. அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே கடிகாரத்தைப் பகிராமல் எழுத்துகளை அனுப்ப ஒரு வழி கண்டார்கள். 0 அல்லது 1 என்ற ஒற்றைச் சைகைக்கு பிட் என்று பெயர்: தொடக்க பிட் ஒன்று, எழுத்துக்கான பிட் எட்டு, நிறுத்த பிட் ஒன்று, ஆகப் பத்து. தொடக்க பிட் வந்ததும் வாங்கும் கருவி எண்ணத் தொடங்கும். செய்தி சிதையாமல் போய்ச் சேரும். கடிகாரம்தான் பொதுவில் இல்லை, இணக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லின் கதை இவ்வளவே.

இப்போது ‘ஒத்திசைவு’க்கு வருவோம். ஒத்து, இசைவு: ஒன்றுபட்டு இணங்குதல். நாதஸ்வரத்தோடு ‘ஒத்து’ என்றே ஒரு கருவி உண்டு. கச்சேரி முடியும் வரை ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கும் தெரியும். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டுகிறார்; குடமும் உடுக்கையும் ஜால்ராவும் அந்தத் தட்டிலேயே வந்து விழுகின்றன; பக்கப்பாட்டுக்காரர் சரியான இடத்தில் ‘ஆமா’ போடுகிறார். அதுதான் ஒத்திசைவு. ‘ஒத்திசைவற்ற வில்லுப்பாட்டுக் குழு’ என்று எழுதினால் ஊரில் யாரும் அந்தக் குழுவுக்கு முன்பணம் கொடுக்கமாட்டார்கள். ‘ஒத்திசைவற்ற ஆட்டம்’ என்றாலும் தமிழ்க் காதில் விழுவது அதேதான்: கோளாறுள்ள ஆட்டம், ஒன்றோடொன்று பொருந்தாத ஆட்டம்.

உண்மையில் இந்த ஆட்டங்களில் எல்லாம் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதற்கு ‘மொய்ராய்’ ஒரு நல்ல சான்று. 2013இல் வந்த சிறிய, இலவச ஆட்டம். ஆடி முடிக்கப் பத்து நிமிடம் போதும். 2016இல், கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்திலும் ஏறியது; 2017இல் இறங்கிவிட்டது. ஊரில் ஒரு பெண்ணைக் காணவில்லை. அவளைத் தேடிக் குகைக்குள் போகிறீர்கள். எதிரே ஒரு விவசாயி வருகிறார். உடையில் ரத்தம், கையில் கத்தி. ரத்தம் எப்படி வந்தது, கத்தி எதற்கு, உள்ளே கேட்ட முனகல் என்ன என்று மூன்று கேள்விகள் கேட்கிறீர்கள். அவர் பதில் சொல்கிறார். அவரைக் கொல்வதா, போகவிடுவதா என்று நீங்கள் முடிவு செய்யவேண்டும். பிறகு உள்ளே போய், அங்கே நடப்பது நடந்து, ரத்தக்கறையும் கத்தியுமாக நீங்கள் வெளியே வருகிறீர்கள். எதிரே இன்னொருவர் நின்று அதே மூன்று கேள்விகளைக் கேட்கிறார். இம்முறை பதிலை நீங்கள் தட்டச்சு செய்யவேண்டும். அந்த நொடியில்தான் விளங்குகிறது: உள்ளே போகும்போது சந்தித்த விவசாயியின் பதில்கள் உங்களுக்கு முன்னால் ஆடியவர் தட்டியவை. உங்கள் பதிலைப் படித்து உங்களைக் கொல்வதா விடுவதா என்று தீர்மானிக்கப் போகிறவர் இன்னும் ஆட்டத்தையே திறக்கவில்லை. உங்களுக்கு என்ன ஆனது என்ற செய்தி பிறகு மின்னஞ்சலில் வரும்.

இதில் இசைவு எங்கே அற்றுப்போனது? ஒருவர் விட்ட இடமும் அடுத்தவர் தொடங்கும் இடமும் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன. இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

செட்டிங்ஸ் பக்கத்துக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அங்கே சிங்க் என்பதற்கு முன்பே ‘ஒத்திசைவு’ போட்டு வைத்திருக்கிறார்கள். சேமித்த ஆட்டம் போனிலும் கணினியிலும் ஒன்றாக இருப்பதைக் குறிக்க. ஆகவே ஒரு வரியில் ‘ஒத்திசைவு: இயக்கு’, இரண்டு வரி தள்ளி ‘ஒத்திசைவற்ற ஆட்டம்: இயக்கு’. ஒன்றைப் போட்டால் மற்றது அணைந்துவிடுமோ என்றுதான் எவருக்கும் தோன்றும். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. முதலாவது உங்கள் சேமிப்பைப் பற்றியது, இரண்டாவது பிறர் விட்டுப்போனவை உங்கள் ஆட்டத்துக்குள் வரலாமா என்பதைப் பற்றியது. ‘ஒத்திசைவு தோல்வி’ என்ற பிழைச்செய்தியும் இதே திரையில் வந்தால், எது பிழை எது ஆட்டத்தின் இயல்பு என்று பிரித்தறிய வழியே இல்லை.

இந்தச் சொல்லுக்கு வாதாடுகிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. சிங்க்ரனஸுக்கு ‘ஒத்திசைவு’ என்று கலைச்சொல் நிலைத்துவிட்டது, எதிர்ச்சொல்லும் அதே வேரில் இருந்தால்தான் ஒழுங்கு என்கிறார்கள். ஒழுங்கு நல்லதுதான். ஆனால் ஹார்மனிக்கும் ஒத்திசைவு, கோஆர்டினேஷனுக்கும் ஒத்திசைவு, சிங்குக்கும் ஒத்திசைவு என்று ஒரே சொல்லைச் சுமைமாடாக்கி வைத்திருக்கிறோம். அதன் எதிர்ச்சொல் இந்த எல்லாப் பொருளுக்கும் சேர்த்தே எதிராக நிற்கும். மூலச்சொல்லில் காலம் என்ற உறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது. தமிழாக்கத்தில் காலத்தைத் தூக்கியெறிந்துவிட்டு இசையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். கலைச்சொல்லாக்கத்தில் இதைவிடப் பெரிய பிழை வேறு இல்லை.

‘ஒத்தியங்கா’ என்பது கொஞ்சம் தேவலாம். மோட்டாருக்குச் சரி. மனிதர்கள் ஆடுவதற்கு ஒட்டாது. ‘நேரமற்ற’ என்றால் ஆடுவதற்கு நேரம் இல்லாதவர் என்று ஆகும். ‘காலமுறையற்ற’ என்றால் காலம் தவறி நடப்பது என்று ஆகும்.

மற்ற சொற்களையும் விட்டுவிட முடியாது. ‘பலவீரர்’: கிரிக்கெட் செய்தியில் ஆட்டக்காரரை வீரர் என்று எழுதிப் பழகி, அதை அப்படியே இங்கும் இழுத்து வந்துவிட்டார்கள். கையில் கத்தியோடு பயந்து நிற்கும் விவசாயி என்ன வீரம் காட்டினார்? ஆட்டக்காரர் என்ற நல்ல சொல் தாயக்கட்டம் ஆடிய காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது. ‘காணொளி’: பார்க்க மட்டும் செய்கிற படத்துக்குக் காணொளி என்று பெயர் வைத்துவிட்டு, கையால் ஆடுகிற ஒன்றைக் காணொளி விளையாட்டு என்பது பொருந்தாது. வீடியோ கேம் என்றே எழுதலாம், எல்லாருக்கும் தெரியும்.

‘சாகசம்’தான் இவற்றில் மோசம். அட்வெஞ்சர் என்ற ஆட்டவகைக்கு அந்தப் பெயர் அகராதியிலிருந்து வரவில்லை. 1976இல் வில் க்ரௌதர் என்ற நிரலர், அவரே குகைகளுக்குள் இறங்கி அளந்து வரைபடம் போட்டவர், அமெரிக்காவின் கென்டக்கி குகைகளை வைத்து எழுத்தாலேயே ஆடும் ஓர் ஆட்டம் செய்தார். 1977இல் டான் வுட்ஸ் அதை விரித்தார். அதன் பெயர் ‘அட்வெஞ்சர்’. அதைப் போல வந்ததையெல்லாம் அட்வெஞ்சர் கேம் என்றார்கள். ஓர் ஆட்டத்தின் பெயரை எடுத்து அகராதி பார்த்துச் சாகசம் என்று மொழிபெயர்ப்பது, சாந்தி ஸ்வீட்ஸை ‘அமைதி இனிப்பகம்’ ஆக்குவது போன்றது. கதை நகர்கிறது, நாம் நகர்த்துகிறோம். அதற்குக் ‘கதையாட்டம்’ போதும். ‘கதைசார்’ தனியாக வேண்டாம்.

இனி எது இந்த வகைக்குள் வரும், எது வராது என்று பிரிக்கவேண்டும். 2012இல் வந்த ‘தி வாக்கிங் டெட்’ ஆட்டம் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பிற ஆட்டக்காரர்களில் எத்தனை சதவீதம் பேர் எந்த முடிவை எடுத்தார்கள் என்று காட்டும். அது வெறும் கணக்கு. அவர்களின் முடிவு உங்கள் கதையைத் தொடாது. 2014 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர், ஆட்டங்களை நேரலையாகக் காட்டும் ட்விட்ச் தளத்தில் கூடி ஒரே போகிமான் ஆட்டத்தை 16 நாட்களில் ஆடி முடித்தார்கள். அது ஆனித் தேரோட்டம் போல: எல்லாரும் அதே நேரத்தில் வடத்தைப் பிடிக்கவேண்டும், ஆளுக்கொரு திசையில் இழுத்தால் தேர் முனங்கிக்கொண்டு நிற்கும். அது ஒருநேர ஆட்டம். 2019இல் வந்த ‘டெத் ஸ்ட்ராண்டிங்’ வேறு. ஒருவர் ஆற்றைக் கடக்கப் போட்டுவிட்டுப் போன ஏணி, எப்போதோ வரும் இன்னொருவரின் உலகத்தில் நிற்கும். நம் பழைய சாலையோரச் சுமைதாங்கிக் கல் இதுதான். நட்டவர் யாரென்று சுமையை இறக்கி வைக்கிறவருக்குத் தெரியாது.

மொய்ராய் வகைக்கு இன்னும் நெருக்கமானது வாய்க்கால். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மருதூர் மேலக்காலில் தன் முறைக்குத் தண்ணீர் பாய்ச்சிய மேல்மடைக்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறார். அவர் மடையை எவ்வளவு திறந்தார், சரியாக அடைத்தாரா என்பதைப் பொறுத்துத்தான் கடைமடைக்காரரின் வயல் நனையும் அல்லது காயும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவேண்டியதே இல்லை. ஒருவர் முடிவு மற்றவர் விளைச்சல்.

ஆகவே, காலம் மட்டும் வேறு என்று சொல்லவேண்டிய இடத்துக்கு ‘வேறுநேர’ என்பது போதும்: வேறுநேரச் செய்தி, வேறுநேர வகுப்பு. எளிமை, தெளிவு, எதிர்ச்சொல்லும் ‘ஒருநேர’ என்று தானே கிடைத்துவிடுகிறது. ஆனால் இந்த ஆட்டவகைக்கு அது குறைபடும். நேரம் வேறு என்று சொல்கிறதே தவிர, முந்தியவர் செய்தது பிந்தியவர் மேல் விழுகிறது என்று சொல்லவில்லை. ‘எச்சம்’ நல்ல சொல். ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்’ என்ற குறளை மொய்ராய் ஆட்டத்தின் வாசலிலேயே எழுதி வைக்கலாம். ஆனால் இன்றைய காதில் எச்சம் என்றால் பறவை எச்சம். ‘கைமாற்று ஆட்டம்’ என்பதும் அழகு. ஆனால் கைமாற்று என்றால் இங்கே வட்டியில்லாமல் வாங்கும் கடன், அதைக் கலைப்பது நியாயமில்லை.

‘முன்பின் ஆட்டம்’ என்பதே சரி. ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே என்ற வரிசை அதில் இருக்கிறது. ‘முன்பின் தெரியாதவர்’ என்று அந்நியரைச் சொல்கிறோம். ஆடுகிற இருவரும் அப்படிப்பட்டவர்களே. ‘முன்பின் யோசிக்காமல் செய்யாதே’ என்று விளைவை எண்ணாதவரைக் கண்டிக்கிறோம். இந்த ஆட்டம் நம்மிடம் கேட்பதும் அந்த யோசனையைத்தான். காலம், அறியாமை, விளைவு என மூன்றும் ஒரே சொல்லில் நம் பேச்சிலேயே கிடக்கின்றன. ‘முன்பின் முரண்’ என்ற வழக்கு இருக்கிறதே என்பார்கள். அங்கே பிழையைச் சுட்டுவது முரண் என்ற சொல், முன்பின் அன்று.

தமிழில் இப்படி ஓர் ஆட்டம் செய்ய நினைப்பவர்களுக்குச் சொல்லைத் தாண்டியும் வேலை உண்டு. முதலில் ஆடுபவருக்கு முன்னே யாரும் இல்லை. ஆகவே முதல் பதில்களைச் செய்பவரே எழுதி வைக்கவேண்டும். வசவு வடிகட்டி இல்லாவிட்டால் மூன்றாவது ஆளிலேயே கதை செத்துவிடும். ஆட்டக்காரர் தட்டும் தமிழும் சரியாகத் தெரியவேண்டும்: ‘கெ’ என்பதில் கொம்பு கண்ணுக்கு ககரத்தின் இடப்பக்கம் நிற்கும், ஆனால் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ககரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். எழுத்தைக் கோத்துக் காட்டும் பகுதி இல்லாத கேம் எஞ்சினில், அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளில், கொம்பு வலப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ‘கொல்லவில்லை’ என்று ஒருவர் உயிருக்காக எழுதிய பதிலை அடுத்தவரால் படிக்கவே முடியாது. பதில்களைச் சேமிக்கும் தரவுத்தளத்துக்கும் காவல் வேண்டும். மொய்ராய் 2017இல் ஸ்டீமிலிருந்து இறங்கியதே அதன் தரவுத்தளத்தை விடாமல் தாக்கியதால்தான். முந்தியவரின் சொல் இல்லாமல் பிந்தியவருக்கு ஆட்டமே இல்லை.

எழுதும்போது ‘முன்பின் ஆட்டம்’, ‘முன்பின் கதையாட்டம்’ என்று பிரித்தே எழுதுங்கள். சேர்த்தால் ‘முன்பின்னாட்டம்’ ஆகும். இலக்கணப்படி தவறில்லை, ஆனால் கண் ‘பின்னாட்டம்’ என்று வெட்டிப் படித்துவிடும். செட்டிங்ஸில் ‘பிறர் விட்டுச்சென்றவை: காட்டு / மறை’ என்று போட்டால் போதும்.