கவனச் சிதறல் அல்ல, கவன இமைப்பு

உளவியல் பாடம் ஒன்றின் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தில் 'கவனச் சிதறல்' இரண்டு இடத்தில் வந்தது. மேலே, படிக்கும்போது கைபேசி அடித்தால் நேர்வது. கீழே, 'அட்டென்ஷனல் பிளிங்க்' என்பதற்குத் தமிழ். இரண்டும் ஒன்றா? இந்தத் தவறை எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

1992-ல் ரேமண்ட், ஷபிரோ, ஆர்னெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் வைத்த பெயர்தான் 'அட்டென்ஷனல் பிளிங்க்'. பிளிங்க் என்றால் கண் இமைப்பது. திரையில் ஒரே இடத்தில் வினாடிக்குச் சுமார் 11 எழுத்துகள் மாறி மாறி வரும். எல்லாம் கறுப்பு, ஒன்று மட்டும் வெள்ளை. வெள்ளை எழுத்து எது, அதற்குப் பின் 'எக்ஸ்' வந்ததா என்று சொல்ல வேண்டும். வெள்ளைக்குப் பின் ஏறத்தாழ 0.2 முதல் 0.5 வினாடிக்குள் எக்ஸ் வந்தால் பலமுறை தவறிப்போகிறது. கண் என்னவோ திறந்தேதான் இருக்கிறது.

சிதறுவது என்றால் நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி நாலாபக்கமும் ஓடுவது. இங்கே அப்படி எதுவும் ஓடவில்லை. மனம் முதல் எழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதால்தான் அடுத்தது நழுவுகிறது. வெள்ளை எழுத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த எக்ஸ் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடுகிறது. வெள்ளையைக் கவனிக்கும்போதும், அதை ஒட்டி உடனே எக்ஸ் வந்தால் பெரும்பாலும் தவறுவதில்லை. சிறிது நேரம் கழித்துத்தான் கவனம் மூடுகிறது, பிறகு தானே திறக்கிறது. சிதறல் என்ற சொல்லில் இந்த மூடித் திறப்பது எங்கே இருக்கிறது?

'கவனச் சிமிட்டல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். சிதறலைவிட மேல்தான். ஆனால் கண்ணைச் சிமிட்டிக் கூப்பிடுகிறோமே, அதில் நம் விருப்பம் இருக்கிறது. இமைப்பது தானாக நடப்பது. ஒன்றிலேயே கவனமாக இருப்பவரைக் 'கண் இமைக்காமல் பார்த்தார்' என்கிறோம். இமைப்பொழுது என்று காலத்துக்கும் அளவு வைத்திருக்கிறோம். தொல்காப்பியம் மாத்திரையை அளந்ததே கண்ணிமையையும் கைநொடியையும் வைத்துத்தான். கவனத்தையும் காலத்தையும் சேர்த்துச் சொல்ல 'கவன இமைப்பு' போதும்.

அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் என்னை வருத்துகிறது. சோதனையை ஒருமுறை படித்திருந்தால் இந்தச் சொல் வந்திருக்காது. மாணவர் பாவம், இரண்டையும் ஒன்றென்றே மனப்பாடம் செய்வார்.

கீழே இருந்த சிதறலை அடித்து 'இமைப்பு' என்று எழுதினேன். மேலே இருந்ததை அப்படியே விட்டேன். கைபேசி அடித்தால் கவனம் சிதறத்தான் செய்கிறது.