ஃபிரிட்ஜை மாற்றலாம், மிக்சியை ஏன் மாற்றுகிறீர்கள்?

வீட்டுச் சமையலறைச் சாதனங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வேலை முடிந்து ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போடும் நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரு கேள்வி வரும். "சார், இது பழசாயிடுச்சு. புதுசு வாங்கினா கரண்ட் மிச்சமாகுமாமே, மாத்திடலாமா?" மிக்சிக்கும் இதே கேள்விதான், மைக்ரோவேவுக்கும் கெட்டிலுக்கும் இதே கேள்விதான். என் பதில் மட்டும் சாதனத்துக்குச் சாதனம் மாறும்.

ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 750 வாட் மிக்சியை நாளுக்குப் பத்து நிமிடம் முழுச் சுமையில் ஓட்டினால் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு செலவாகும். எவ்வளவு நல்ல மோட்டார் வந்தாலும் அந்த எட்டில் ஒரு பங்கிலிருந்துதான் எதையாவது மிச்சம் பிடிக்க வேண்டும். கெட்டிலில் அதுகூடக் கிடையாது. அதற்குள் போகும் மின்சாரம் அநேகமாக முழுவதும் தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. பழைய கெட்டிலும் புதுக் கெட்டிலும் இதில் ஒன்றே. தேவைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தால் மிச்சமாவது, புதுக் கெட்டில் வாங்கி மிச்சமாவதைவிட அதிகம்.

ஃபிரிட்ஜ் கதை வேறு. இருபத்து நான்கு மணி நேரமும் பிளக்கில் இருக்கும் இயந்திரம் அது. 1970-களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற ஃபிரிட்ஜ்கள் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் இழுத்தன. அதைவிடப் பெரிய இன்றைய ஃபிரிட்ஜ்கள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இழுக்கின்றன. காப்பு நுரை, கம்ப்ரசர், விதிமுறைகள் மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. அதனால் பதினைந்து இருபது வருடமான ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் போய்விட்டது என்றால், புதுக் கம்ப்ரசர் போட நானே சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. புது ஃபிரிட்ஜ் வந்ததும் பழையதை வேறோர் அறைக்குத் தள்ளி, தண்ணீர் பாட்டில் வைக்க ஓட்டுகிறார்கள். அப்புறம் மிச்சம் எங்கே வரும்? முன்பு ஒன்று ஓடியது, இப்போது இரண்டு ஓடுகிறது.

மாற்றுவதற்கு முன் சில சோதனைகளை நீங்களே செய்து பார்க்கலாம். கதவின் ரப்பர் கேஸ்கெட்டில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது; கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதும். பின்னாலோ அடியிலோ உள்ள கருப்புக் காயிலில் தூசி அடைத்திருந்தால் வெப்பம் வெளியேற முடியாமல் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு பிரஷ்ஷால் தட்டுங்கள். உள்ளே 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். அதற்குக் கீழே குறைப்பதெல்லாம் வீண் செலவு.

"கேஸ் தீர்ந்துபோச்சு, நிரப்பணும்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். ஃபிரிட்ஜில் கேஸ் தீராது. அது மூடிய குழாய்ச் சுற்றுக்குள் திரும்பத் திரும்பப் போய்வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல், வாக்யூம் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சாமல் கேஸ் மட்டும் நிரப்பினால் சில மாதத்தில் அதே கதை திரும்பும். அந்த ஓட்டையும் பல வீடுகளில் ஃப்ரீசரில் உறைந்த ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்த்ததால் வந்ததுதான்.

எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது ஃபிரிட்ஜின் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். ஆர்600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. அதற்கான பயிற்சி இல்லாதவர் அந்தக் குழாயருகே பற்றவைப்புச் சுடரைக் கொண்டுவரக் கூடாது.

சரி, வாங்குவதற்கு வருவோம். லேபிளில் நட்சத்திரத்தையோ எழுத்துத் தரத்தையோ மட்டும் பார்க்காதீர்கள். அந்தத் தரம் அதே அளவுள்ள பெட்டிகளோடு ஒப்பிட்டுக் கொடுப்பது. நல்ல தரம் வாங்கிய பெரிய பெட்டி, சுமாரான தரமுள்ள சின்னப் பெட்டியைவிட அதிகம் இழுக்கலாம். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். மைக்ரோவேவில் இன்னொரு குழப்பம் உண்டு. பெட்டியில் 800 வாட் என்று போட்டிருந்தால் அது உணவுக்குப் போகும் சக்தி. சுவரிலிருந்து இழுப்பது 1,200, 1,300 வாட் வரை இருக்கும். இண்டக்ஷன் வாங்கும் முன் இருக்கும் பாத்திரங்களின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது, அதற்காகத் தனியாகச் செலவு செய்ய நேரும்.

தொடுதிரை, வைஃபை, பதினெட்டு வகைச் சமையல் நிரல் எல்லாம் கடையில் கண்ணைப் பறிக்கும். என் மேசைக்கு வருபவற்றில் மோட்டார் நன்றாக இருந்தும் எலக்ட்ரானிக் பலகை போனதால் நின்றவை ஏராளம். ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் திருகு குமிழே நீண்ட நாள் உழைக்கிறது. வைஃபை உள்ள சாதனத்துக்கு எத்தனை வருடம் மென்பொருள் அப்டேட் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. உதிரிப் பாகங்களைப் பற்றியும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் இதற்கு விதியே இருக்கிறது: ஒரு மாடல் கடைசியாகச் சந்தைக்கு வந்த பிறகும் ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட், சென்சார், சர்க்யூட் பலகை போன்றவை ஏழு ஆண்டுகளும், கதவு கேஸ்கெட் பத்து ஆண்டுகளும் கிடைக்க வேண்டும்.

மிக்சியில் போவது பெரும்பாலும் மோட்டாரை ஜாரோடு இணைக்கும் கப்ளர், மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ், ஜாரின் பிளேடு தண்டைத் தாங்கும் புஷ். மூன்றும் சில்லறைச் சாமான்கள். ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். அது சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு காப்பு; அதை அமுக்கத் தெரியாமல் தூக்கிப்போட்ட மிக்சிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, தூக்கிப்போடுவது. ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கணக்குப்படி 2022-ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். மைக்ரோவேவ், வேக்குவம் கிளீனர் போன்ற சின்னச் சாதனங்கள்தான் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவற்றில் பதிவான மறுசுழற்சி 12 சதவீதம் மட்டுமே. குப்பைக் கூடைக்குள் அடங்குகிற அளவில் இருப்பதே அவற்றுக்கு வினையாகிறது.

ஃபிரிட்ஜில் பிரச்சினை கேஸ். பழைய ஃபிரிட்ஜ்களில் கேஸாக இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-ல் சொன்னார்கள். அவற்றைக் கட்டுப்படுத்த 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ்களுக்கு வந்த ஆர்134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும். 150 கிராம் வெளியேறினால் 200 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். செம்புக் குழாய்க்காகப் பழைய இரும்புக்காரர் கட்டிங் பிளேயரால் ஒரு வெட்டு வெட்டும் நேரத்தில் அத்தனையும் போய்விடும். மிகப் பழைய பெட்டிகளில் சுவருக்குள் இருக்கும் நுரையிலும் அந்தக் குளோரோஃபுளோரோகார்பன் அடைந்து கிடக்கிறது, கம்ப்ரசர் சுற்றில் இருப்பதைவிட அதிகமாகவே. நல்ல மறுசுழற்சி ஆலைகள் முதலில் கேஸையும் கம்ப்ரசர் எண்ணெயையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, மூடிய அறைக்குள் வைத்துப் பெட்டியை அரைப்பது இதனால்தான். கொடுக்கும் முன் "கேஸை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் கொடுக்காதீர்கள். எக்ஸ்சேஞ்சில் எடுத்துப்போகும் கடையிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். பழைய பெட்டி எங்கே போகிறது என்று அவர்களுக்கே தெரியாமலும் இருக்கும்.

ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவரிடமும் கொடுக்க வேண்டாம். பிவிசி உறை எரியும்போது டையாக்சின் என்ற நச்சு வருகிறது, அதை முதலில் சுவாசிப்பவர் எரிக்கும் தொழிலாளிதான்.

மைக்ரோவேவை வீட்டில் பிரிக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம்.

பழைய ஃபிரிட்ஜை வாசலிலோ மாடியிலோ எடுத்துவைக்க நேர்ந்தால் கதவைக் கழற்றிவிடுங்கள். ஒளிந்து விளையாடும் குழந்தைகள் உள்ளே மாட்டி மூச்சுத்திணறி இறந்ததால்தான் அமெரிக்காவில் 1956-ல், கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இன்றைய காந்தக் கதவைத் தள்ளித் திறக்கலாம்தான். ஆனால் சுவரை ஒட்டியோ கயிறு கட்டியோ வைத்த பெட்டியில் அது உதவாது.

யாருக்காவது ஓடும் நிலையில் கொடுப்பதென்றால் ஒயர் வெடித்திருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். வைஃபை உள்ளதாக இருந்தால் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், உங்கள் வீட்டு நெட்வொர்க் பாஸ்வேர்டு அதில் இருக்கும். ஃபிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுபோனால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும். நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகே பிளக்கைச் செருகச் சொல்லுங்கள். சார்ஜ் செய்து பயன்படுத்தும் கை பிளெண்டர் போன்றவற்றில் இருப்பது பெரும்பாலும் லித்தியம் பேட்டரி. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். அவற்றை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், பேட்டரி வாங்கும் சேகரிப்பு மையத்தில் தனியாகக் கொடுங்கள்.